ஸ்கிரீனைப் பதியும் முன் கரண்ட் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

ஹட்டனில் சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு கணித ஆசிரியர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்து, "ஃபைல் இருக்கு தம்பி, ஓடத்தான் மாட்டேங்குது" என்றார். சாதாரண தரப் பிள்ளைகளுக்காக இரவு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து, திரையில் கணக்குப் போட்டுக் காட்டிப் பேசிப் பதிந்திருக்கிறார். முடிக்கப் போகும் நேரம் பார்த்துக் காற்றுக்கு எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. பேட்டரி இல்லாத மேசைக் கணினி. கோப்பைப் பார்த்தேன்: 1.4 ஜிபி இருந்தது, ஓடும் நேரம் 0 என்று காட்டியது.

எம்.பி.4 கோப்பில் இந்தத் தொல்லை உண்டு. எந்தக் காட்சி கோப்பில் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற அட்டவணையை அது வழக்கமாக நீங்கள் ஸ்டொப் அமுக்கிய பிறகுதான் எழுதும். பறித்த கொழுந்தெல்லாம் சாக்கில் இருக்கிறது, செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், மட்டும் பெயர் விழவில்லை, அந்த மாதிரி. சிலவற்றை மீட்கலாம், அதற்கும் அதே கணினியில் அதே மாதிரிப் பதிந்த நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால் உதவும். சேருடையது பாதிதான் வந்தது. அதிலும் சத்தம் படத்துக்கு முன்னால் ஓடியது.

அதனால் ஸ்கிரீனைப் பதிய எந்த சொஃப்ட்வெயார் நல்லது என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்ப்பது பதிவு பாதியில் நின்றால் பதிந்த வரைக்கும் மிஞ்சுமா என்பதைத்தான். ஓபிஎஸ் ஸ்டூடியோவில் மிஞ்சும். அது இலவசம், திறந்த மூலம். வீடியோ மேல் முத்திரை குத்தாது, பத்து நிமிடத்தோடு நிறுத்தாது. செட்டிங்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய்க் கோப்பு வகையை எம்.கே.வி. என்று வையுங்கள். கரண்ட் போனாலும் கடைசிச் சில வினாடிகள்தான் போகும். வட்ஸ்அப்பில் அனுப்ப எம்.பி.4 வேண்டுமென்றால், ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் தரம் குறையாமல் மாற்றித் தரும்.

அப்புறம் அளவு. கணக்கு எழுதிக் காட்ட வினாடிக்கு 60 படம் எதற்கு? 20 போதும். பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எவ்வளவு டேட்டா எழுத வேண்டும் என்ற கணக்கை, 2500 கேபிபிஎஸ்ஸில் விட்டால் ஒரு மணித்தியாலம் 1.1 ஜிபி வரும், 1000 என்றால் ஏறக்குறைய 450 எம்பி. பிள்ளைகள் டேட்டா கார்ட் போட்டுத்தான் பார்க்கிறார்கள். லயத்துக்கு வெளியே சிக்னல் பிடிக்கும் மேட்டில் நின்று இறக்கும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

ஓபிஎஸ்ஸைக் கண்டு மிரளுகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஐந்து நிமிட வேலைக்கு விண்டோஸ் 11இல் உள்ள ஸ்னிப்பிங் டூலே திரையைப் பதியும். விண்டோஸ் 10இல் விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் கேம் பார் பதியும், ஆனால் ஒரு செயலியின் சாளரத்தை மட்டும்தான், டெஸ்க்டொப்பை எடுக்காது. இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து ஓபிஎஸ் அதில் ஓடாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கிராக் விஷயத்தில்தான், அதாவது காசு கட்டாமல் சொஃப்ட்வெயாரின் பூட்டை உடைக்கும் திருட்டு நிரல். மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒரு தம்பி, வேறொரு ஸ்கிரீன் பதியும் சொஃப்ட்வெயாரின் இலவசப் பதிப்பு வீடியோ மேல் குத்தும் முத்திரையைப் போக்குவதற்காக டெலிகிராமில் கிடைத்த கிராக்கை ஏற்றியிருந்தான். கூடவே ஒரு குறிப்பு: "முதலில் அன்டிவைரஸை நிறுத்தவும்." நிறுத்தியிருக்கிறான். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டெல்லாம் போய், இரண்டு நாளில் அவனுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ ஒருவர் வெளிநாட்டுச் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். முழு வின்டோஸையும் அழித்துப் போட்டுக் கொடுத்தேன். பக்கம் திரும்பி வரவில்லை.

நல்ல சொஃப்ட்வெயாரின் பெயரிலும் இது நடக்கும். 2023 ஜனவரியில் கூகுள் தேடலில் ஓபிஎஸ் பெயரில் போலி விளம்பரங்கள் மேலே வந்து நின்றன. அதைச் சொடுக்கி இறக்கியவர்களுக்குக் கிடைத்தது பாஸ்வேர்ட் திருடும் நிரல். ஆகவே தேடலில் முதலில் தெரிவதைத் தொடாமல், ஓபிஎஸ்புரொஜெக்ட் டொட் கொம் என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

எதை ஏற்றினாலும் முதலில் இரண்டு நிமிடம் பதிந்து, ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மைக் மாறிக் கிடந்து மூன்று மணித்தியாலம் ஊமைப்படம் எடுத்தவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். வட்ஸ்அப் வெப்பையும் மூடிவிடுங்கள், வீட்டுச் சங்கதி திரையில் வந்து குதிக்கும்.

சேர் இப்போது இருபது நிமிடத் துண்டுகளாகப் பதிகிறார். போன வாரமும் கரண்ட் போனதாம். இந்த முறை பென் டிரைவோடு வரவில்லை, போனில்தான் சொன்னார். பதினேழாம் நிமிடம் வரை அப்படியே இருந்ததாம். மிச்சத்தை மறுநாள் காலையில் பதிந்து ஒட்டியிருக்கிறார்.