ஒரே சரிபார்ப்பு (செக்), எட்டு நகல்: ஃபீல்டை டெம்ப்ளேட்டிடம் கொடுத்துப் பாருங்கள்

மும்பையில் பங்குச்சந்தை மென்பொருள் எழுதும் அலுவலகம் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருந்தாலும் சரி, அந்தேரியில் இருந்தாலும் சரி, சி++ கோடைத் திறந்தால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். விலை டிக் அளவுக்கு, அதாவது விலை நகரக்கூடிய மிகச் சிறிய படிக்கு, பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு ஃபங்ஷன். அதன் கீழே டிரிகர் விலைக்கு (ஸ்டாப் லாஸ் ஆர்டர் உயிர்பெறும் விலை) அதே ஃபங்ஷன். அப்புறம் எத்தனை பங்கு என்ற அளவுக்கு ஒன்று, அதில் சந்தைக்கு வெளிக்காட்டும் அளவுக்கு ஒன்று என்று எட்டு நகல் வரை போகும். உள்ளே ஒரே லாஜிக்தான். ஃபீல்டின் பெயர், அதாவது ஆர்டரின் எந்த விவரத்தைப் படிக்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கும்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூனை நினைவூட்டுவேன். அந்த மாதம் 10-ஆம் தேதி முதல் தேசியப் பங்குச்சந்தையில் 250 ரூபாய்க்குக் கீழே விற்கும் பங்குகளுக்கு டிக் 5 பைசாவிலிருந்து 1 பைசா ஆனது. ஒரே இடத்தில் திருத்த வேண்டியதை எட்டு நகலிலும் தேடித் திருத்த வேண்டும். ஏழில் திருத்திவிட்டு எட்டாவதைக் கோட்டைவிடுவது எப்போதும் நடப்பதுதான்.

அதைவிட மோசமான ஒரு வகை உண்டு. ரிவியூவில் அடிக்கடி பிடிபடுவது இதுதான்: டிரிகர் விலைக்கான நகலில் ஃபங்ஷனின் பெயர் மாறியிருக்கும், உள்ளே ஒரு வரி மட்டும் இன்னும் விலையையே படித்துக்கொண்டிருக்கும். இரண்டுமே பைசாவில் வரும் முழு எண், ஒரே டைப். கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. டெஸ்டும் பாஸாகும், ஏனென்றால் டெஸ்ட் டேட்டாவில் பெரும்பாலும் சாதாரண லிமிட் ஆர்டர்தான் இருக்கும், அதில் டிரிகர் விலை பூஜ்யம். எவராவது டிக்கில் அடங்காத டிரிகர் விலையோடு ஸ்டாப் லாஸ் ஆர்டர் போடும்போது நம் செக்கைத் தாண்டிப் போய் எக்ஸ்சேஞ்ச் ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பும். அதுவும் காலை 9.15 மணிக்குச் சந்தை திறந்த நெரிசலில்.

“அண்ணா, ஓடுற கோடை எதுக்கு மாத்தணும்?” என்று திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார். பக்கத்து சீட்டிலிருந்து “சல்தா ஹை” (பரவாயில்லை, ஓடும்) என்று வேறு ஒரு குரல். ஓடுகிறது, சரி. ஆனால் எந்த ஃபீல்டு என்பது கோடு எழுதும்போதே தெரியும். தெரிந்ததை ஏன் கம்பைலரிடம் சொல்லாமல் மறைக்க வேண்டும்? அதற்குத்தான் டெம்ப்ளேட்: ஃபங்ஷனை ஓர் அச்சுபோல ஒரு முறை எழுதி, மாறும் பகுதியை அழைக்கும்போது கொடுப்பது. இதைப் பாருங்கள்:

டெம்ப்ளேட் <ஆட்டோ ஃபீல்டு>
பூல் டிக்_சரியா(கான்ஸ்ட் ஆர்டர்& ஆ, இன்ட் டிக்) {
    ரிட்டர்ன் ஆ.*ஃபீல்டு % டிக் == 0;
}

டிக்_சரியா<&ஆர்டர்::விலை>(ஆ, டிக்);
டிக்_சரியா<&ஆர்டர்::டிரிகர்_விலை>(ஆ, டிக்);

கீவேர்டுகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். அவற்றை நீங்கள் வழக்கம்போல அடிக்க வேண்டும். ஃபீல்டு பெயர்களைத் தமிழிலேயே விட்டாலும் ஜிசிசி கம்பைலர் 10-ஆம் பதிப்பிலிருந்து ஏற்றுக்கொள்ளும் என்பது கூடுதல் செய்தி. டீமில் மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

இதில் &ஆர்டர்::விலை என்பது மெம்பர் பாயிண்டர், மெமரியில் இருக்கும் முகவரி அல்ல. “மூன்றாவது மாடி, இடப்பக்க வீடு” என்று சொல்வதைப் போன்றது. செம்பூரில் எந்தக் கட்டடம் என்று பிறகு சொன்னால் போதும். அந்தக் கட்டடத்தைச் சொல்கிற வேலையைத்தான் .* செய்கிறது. லினக்ஸில் ஜிசிசியும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் டேட்டா மெம்பர் பாயிண்டரை, ஆப்ஜெக்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்ணாகவே வைத்துக்கொள்கின்றன. முதல் ஃபீல்டின் தூரம் பூஜ்யம் என்பதால், ‘நல்’ மதிப்புக்குப் பூஜ்யத்தைப் பயன்படுத்த முடியாமல் -1 வைத்திருக்கிறார்கள். டெம்ப்ளேட் வழியாகக் கொடுத்தால் அந்தத் தூரம் மெஷின் கோடிலேயே மாறிலியாக உட்கார்ந்துவிடும். சாதாரண பாராமீட்டராகக் கொடுத்தாலும் ஃபங்ஷன் இன்லைன் ஆகிவிட்டால், அதாவது அழைக்கும் இடத்திலேயே கம்பைலர் அதை விரித்து எழுதிவிட்டால், பலன் ஒன்றுதான். அதனால் வேகத்துக்காக இதை எழுதுங்கள் என்று நான் சொல்வதில்லை. லாஜிக் ஓர் இடத்தில் இருக்கும். ஃபீல்டின் பெயர், அழைக்கும் வரியில் கண்ணுக்குத் தெரியும். தப்பான ஃபீல்டை அங்கே எழுதினால் கம்பைலர் காப்பாற்றாது, ஆனால் ரிவியூ செய்பவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

ஆஃப்செட் மேக்ரோவில் இதையே செய்யலாமே என்பார்கள் பழைய ஆட்கள். செய்யலாம். ஆனால் அதில் கிடைப்பது வெறும் எண், டைப் போய்விடும். இன்ட் இருக்கும் இடத்தை டபுளாகப் படித்தாலும் கேட்க ஆளில்லை.

இனி சிக்கல்களுக்கு வருவோம். முதலாவது இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் இன்னொன்றின் ஃபீல்டுகளைப் பெறுவது), நிறையப் பேரைச் சுற்றலில் விடுவது இதுதான். ஆர்டர் என்பது ‘தலைப்பு’ என்ற பேஸ் கிளாஸிலிருந்து வருகிறது (ஆர்டர்தான் டிரைவ்டு கிளாஸ்), நேரம் என்ற ஃபீல்டு தலைப்பில் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் &ஆர்டர்::நேரம் என்று எழுதினாலும் அதன் டைப் தலைப்புக்குச் சொந்தமானதாகத்தான் இருக்கும். சாதாரண இடங்களில் பேஸின் மெம்பர் பாயிண்டர் டிரைவ்டின் பாயிண்டராகத் தானாக மாறிக்கொள்ளும். டெம்ப்ளேட் ஆர்க்யூமென்டில் அந்த மாற்றத்துக்கு அனுமதி இல்லை. அதனால் கிளாஸ், டைப், பாயிண்டர் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்கும் பழைய டெம்ப்ளேட்டில் ஆர்டர் என்று கொடுத்தால் கம்பைலர் மறுத்துவிடும், அதுவும் ஒரு முழ நீள எரர் மெசேஜோடு. சி++17-இன் ஆட்டோ வடிவத்தில் இந்தப் பிரச்சினை எழாது. ஆனால் பாயிண்டரிலிருந்து கிளாஸின் பெயரைப் பிரித்தெடுத்து, அதை வைத்து வேறு ஏதாவது பதிவு செய்கிறீர்கள் என்றால் கவனம்: கையில் வருவது தலைப்பு, ஆர்டர் அல்ல.

இரண்டாவது, பிட் ஃபீல்டு. எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் ஆர்டரில் ஐஓசி (உடனே நடக்காவிட்டால் ரத்து), டே (அன்று முழுக்கச் செல்லும்) போன்ற கொடிகள் ஒவ்வொரு பிட்டாக இருக்கும். பிட் ஃபீல்டுக்கு மெம்பர் பாயிண்டர் எடுக்க முடியாது, ரெஃபரன்ஸ் மெம்பருக்கும் முடியாது. சி++20 இருந்தால் கேப்சர் இல்லாத லாம்டாவை (வெளியிலிருந்து எதையும் எடுத்துவைக்காத, பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) டெம்ப்ளேட் ஆர்க்யூமென்டாகக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

இதன் கூடவே வருவது பேக் செய்த ஸ்ட்ரக்ட். நெட்வொர்க் மெசேஜ்களை இடைவெளி இல்லாமல் அடுக்க, பேக்கிங் போட்டிருப்பார்கள். ஃபீல்டை நேரடியாகத் தொடும்போது அது அலைன் ஆகாத இடத்தில் இருக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியும். மெம்பர் பாயிண்டரின் டைப்பில் அந்தத் தகவல் இல்லை. அதன் வழியாக ரெஃபரன்ஸ் திருப்பிக் கொடுத்தால், எக்ஸ்86-இல் பெரும்பாலும் ஓடிவிடும், ஓடும்போதே பிழை தேடும் சானிடைசர் போட்டு ஓட்டினால் கத்தும். எங்கள் டீமில் விதி எளிது: பேக் செய்த ஸ்ட்ரக்டின் பக்கம் இந்த டெம்ப்ளேட்டைக் கொண்டுபோகாதே. மெசேஜை முதலில் சாதாரண ஸ்ட்ரக்டுக்குக் காப்பி செய்துவிட்டு அதன் மேல் செக் ஓட்டு.

டெம்ப்ளேட்டை எக்ஸ்பிளிசிட்டாக இன்ஸ்டான்ஷியேட் செய்யும் (இந்த ஆர்க்யூமென்டுக்கு உருவாக்கு என்று நாமே எழுதும்) இடத்தில் பிரைவேட் விதி செல்லாது என்ற ஓட்டை ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. அதை வைத்து அடுத்தவர் கிளாஸின் பிரைவேட் ஃபீல்டை எட்டிப் பார்க்கும் தந்திரம் இணையத்தில் சுற்றுகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், புரொடக்ஷனில் அதைக் கண்டால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஃபீல்டைப் படித்துத் தரும் கெட்டர் ஃபங்ஷன் வழியாகப் போக வேண்டிய கிளாஸாக இருந்தால் .* போதாது. சி++17-இன் இன்வோக், டேட்டாவையும் ஃபங்ஷனையும் ஒரே மாதிரி அழைத்துக்கொடுக்கும். ஓவர்லோடு (ஒரே பெயரில் பல ஃபங்ஷன்) இருந்தால் எதைச் சொல்கிறோம் என்று காஸ்ட் போட்டுத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கும். ஆர்டர் பட்டியலை எந்த நெடுவரிசைப்படி அடுக்குவது என்பதைத் திரையில் டிரேடர் கிளிக் செய்துதான் முடிவு செய்கிறார் என்றால் இதெல்லாம் அப்படியே உதவாது. நெடுவரிசையின் பெயருக்கு எதிரே ஒவ்வொரு டெம்ப்ளேட் ஃபங்ஷனையும் வைத்து ஒரு டேபிள் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஆர்டரை ஐடியாலும் விலையாலும் தேட வேண்டிய ஆர்டர் புக் எழுதுபவர்கள் பூஸ்ட் மல்டிஇண்டெக்ஸ் என்ற லைப்ரரியைப் பார்க்க வேண்டும். எந்த ஃபீல்டு சாவி என்பதை அது இப்படித்தான் கேட்கிறது. 2025 ஜூனில் சோஃபியாவில் கூடிய சி++ ஸ்டாண்டர்ட் கமிட்டி, சி++26-க்கு ரிஃப்ளெக்ஷனை ஏற்றுக்கொண்டது. ஒரு ஸ்ட்ரக்டின் ஃபீல்டுகளை நாமே பட்டியல் போடாமல் கம்பைலரிடமே கேட்டு வாங்கும் வழி அது.

நம்மில் பலர் இருக்கும் இடம் அதற்கு வெகு தூரம். ரெட் ஹாட் லினக்ஸ் 7-உடன் வந்த ஜிசிசி 4.8.5-ஐ விட முடியாத சர்வர்களை இன்னும் பார்க்கிறேன். அதில் ஆட்டோ டெம்ப்ளேட் பாராமீட்டர் கிடையாது. சி++11 உண்டு என்பதால், டெம்ப்ளேட்டில் டைப்பையும் மதிப்பையும் இரண்டு பாராமீட்டராக வாங்கி, கிளாஸ் பெயரும் ஃபீல்டு பெயரும் கொடுத்தால் அந்த ஃபீல்டின் பாயிண்டர் டைப்பைத் தரும் டெக்ல்டைப்பையும் பாயிண்டரையும் சேர்த்து விரிக்கும் ஒருவரி மேக்ரோ போட்டால் வேலை நடக்கும். மேக்ரோவா என்று முகம் சுளிப்பவர்களிடம் எட்டு நகலையும் திறந்து காட்டுங்கள்.