பல்லை மட்டும் விட்டுப்போன சுறா

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. வறை செய்ய என்று போன கிழமை வெள்ளவத்தையில் பால்சுறா வாங்கினேன். அவித்துத் தோலுரித்துச் சதையை உதிர்க்கும்போது நடுமுள் விரலோடு வளைந்து வந்தது. சுறாவுக்கு எலும்பு கிடையாது, முழுக்கக் குருத்தெலும்புதான். செத்தால் அது சீக்கிரம் உக்கிவிடும். மிஞ்சுவது பல்.

எப்போதோ அற்றுப்போன மெகலோடன் என்ற இராட்சதச் சுறாவும் நமக்குப் பெரும்பாலும் பல்லாகத்தான் கிடைத்திருக்கிறது. பெரிய பல் 17 சென்ரிமீற்றரைத் தாண்டும்; என் மணிக்கட்டில் வைத்தால் நடுவிரல் நுனிவரை வரும். இரண்டு ஓரமும் அரம் மாதிரி. இப்படிப்பட்ட பற்களை ஐரோப்பியர் கல்லாகிப்போன நாக்கு என்று நம்பிய காலம் உண்டு. பிடிபட்ட ஒரு சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோதான், அவை சுறாப் பற்கள் என்று 1667இல் விளக்கி எழுதினார்.

உடம்பு கிடைக்காததால் நீளத்தில் இன்னும் இழுபறி. 15, 16 மீற்றர் என்று நெடுநாள் சொன்னார்கள். 2025இல் வந்த ஆய்வு, உடல் ஒடுங்கி நீண்டது, 24 மீற்றர்வரை போயிருக்கலாம் என்கிறது. என்னைக் கேட்டால், நீளத்தைவிட அதன் உடல் சூடுதான் பெரிய அதிசயம்.

சூரை மீனை வெட்டினால் நடுமுள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு சதை இருக்குமே, ஓயாமல் நீந்தவைப்பது அதுதான். நீந்த நீந்த அது சூடாகும். அங்கிருந்து வெளியேறும் சூடான இரத்தமும், செவுளில் குளிர்ந்து உள்ளே வரும் இரத்தமும் மெல்லிய குழாய்களில் உரசிக்கொண்டு எதிரெதிராக ஓடும். சூடு கடலுக்குப் போகாமல் உள்ளுக்கே திரும்பிவிடும். பெரும் வெள்ளைச்சுறாவிடமும் இந்த ஏற்பாடு உண்டு. மெகலோடனிடம்? பல்லின் மேற்பூச்சே பதில் சொன்னது. கனமான காபன் அணுவும் கனமான ஒட்சிசன் அணுவும் சோடி சேர்வது குளிரில் கூடும், சூட்டில் குறையும். அந்தச் சோடிகளை அளந்து பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வில், மெகலோடனின் உடம்பு சுற்றியிருந்த தண்ணீரைவிட ஏறக்குறைய 7 பாகை செல்சியஸ் சூடாக இருந்தது தெரியவந்தது.

சூடான உடம்பு வேகம் தரும், குளிர்ந்த கடலிலும் வேட்டையாட விடும். ஆனால் அந்த அடுப்பு அணையாமல் எரிய வேண்டும். திமிங்கிலம் போன்ற கொழுத்த இரை ஓயாமல் கிடைத்தால்தான் அவ்வளவு பெரிய உடம்பு தாங்கும். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது வரும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்துக் கடலில், அதாவது ஏறக்குறைய 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், படிந்தது. அந்தக் காலத்தில் உலகக் கடல்களில் மெகலோடனுக்கு இரை தாராளம்.

அப்புறம் பூமி குளிர்ந்தது. கடல்மட்டம் இறங்க, குட்டிகள் வளரும் கரையோர ஆழங்குறைந்த நீர் சுருங்கியது. சிறிய திமிங்கில இனங்கள் பல அழிந்தன. அதே நேரம் பெரும் வெள்ளைச்சுறா பரவியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்து இரையைத் தின்றதாகப் பற்களில் உள்ள நாகம் (துத்தநாகம்) என்ற உலோகமும் காட்டுகிறது. வெள்ளைச்சுறாவுக்கும் சூடான உடம்புதான், ஆனால் சின்ன வயிறு. குறைவான இரையிலும் காலம் தள்ளும். மெகலோடனுக்கு அது முடியவில்லை. ஏறக்குறைய 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அது அற்றுப்போனது. இதில் எது எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பசிதான் கொன்றது என்று நான் நினைக்கிறேன்.

காலிமுகத்திடலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும்போது அண்ணன் மகன் கேட்டான், “சித்தப்பா, ஆழத்துக்குள்ள இன்னும் ஒளிஞ்சிருக்குமோ?” சரி, பார்ப்போம். ஆழ்கடல் குளிர், இரையும் அரிது. அந்த வயிற்றுக்கு அங்கே கட்டாது. இன்னொன்று, சுறாவுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் உதிரும். மெகலோடன் இன்று உயிரோடு இருந்தால் கடலடியில் புதுப் பல் கிடந்திருக்க வேண்டும். இதுவரை வந்ததெல்லாம் கல்லாகிப்போன பல்தான்.