ஸ்பெயினில் பால்குடி விடுப்பு: அப்பாவுக்கும் உண்டு

ஸ்பெயினில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், குழந்தைக்கு 9 மாதம் நிறையும்வரை ‘பெர்மிசோ தே லக்தான்சியா’ என்ற பால்குடி விடுப்பை, அதாவது குழந்தையைக் கவனிக்க வேலை நேரத்தில் தினமும் ஒரு மணி நேரத்தை, கேட்கலாம். தொழிலாளர் சட்டத்தின் 37.4ஆம் பிரிவு தரும் உரிமை இது. சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் தத்தெடுத்த குழந்தைக்கும் இதே விதிதான்.

வேலை நேரத்தில் ஒரு மணி நேரம் என்ற சலுகை அங்கே 1900ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, ஆனால் தாய்க்கு மட்டும். பின்னாளில் அப்பாக்களும் எடுக்கலாம் என்று வந்தபோதும் அது தாயின் வேலையைப் பொறுத்தே இருந்தது. மனைவி சுயதொழில் செய்கிறார் என்று சொல்லி ஓர் அப்பாவுக்கு மறுத்த வழக்கில், அது பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. 2019 முதல் இருவருக்கும் தனித்தனி உரிமை. ஒருவர் பங்கை மற்றவருக்கு மாற்றித் தர முடியாது.

எடுக்க மூன்று வழி. வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் போய்வரலாம், அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது தினமும் அரை மணி நேரம் தாமதமாக வரலாம், இல்லையென்றால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம். அல்லது எல்லாவற்றையும் சேர்த்து முழு நாட்களாக எடுக்கலாம். வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு மூன்றாவதுதான் உருப்படியானது என்பேன். 4 மாதத்தில் வேலைக்குத் திரும்பினால் மிச்சம் 5 மாதம், ஏறக்குறைய 100 வேலை நாள், அதாவது 100 மணி நேரம். 8 மணி நேர வேலை என்றால் 12 நாளுக்கு மேல் வரும். முன்பு இப்படிச் சேர்த்து எடுக்கக் கூட்டு ஒப்பந்தமோ (தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்வது) முதலாளியின் சம்மதமோ வேண்டியிருந்தது. 2024 மே மாத அரசாணைக்குப் பிறகு அது தேவையில்லை. இருந்தாலும் உங்கள் துறையின் கூட்டு ஒப்பந்தத்தை, அங்கே ‘கொன்வேனியோ’ என்பார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள். சிலவற்றில் சட்டத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இரட்டைக் குழந்தை என்றால் நேரமும் அதற்கேற்பக் கூடும். கணவன் மனைவி இருவரும் ஒரே நிறுவனம் என்றால், ஒரே சமயத்தில் எடுப்பதை நிறுவனம் தடுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கினால், வேறு நியாயமான காரணம் இருப்பதை நிறுவனம் காட்டாதவரை அந்த நீக்கம் செல்லாது.

சுயதொழில் செய்பவர்களுக்கு இந்த விடுப்பு இல்லை. மற்றவர்கள், கொன்வேனியோவில் வேறு கெடு இல்லையென்றால், தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் 15 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள்.