பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பா?

மேடைப் பேச்சுப் பயிற்சிக்கு வந்த இன்னொருவரும் அதையே சொல்லிவிட்டார்: "பேச்சுல வார்த்தை வெறும் 7 சதவீதம்தானே, மீதியெல்லாம் குரலும் உடல்மொழியும்தானே?" வீட்டில் பழகிய வீடியோவைக் காட்டினார். அளந்து வைத்த கையசைவு, நாலடி நடை, நின்று ஒரு புன்னகை. "இதைக் கேட்டவர் வெளியே போய் மற்றவரிடம் ஒரு வரியில் என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். பதில் இல்லை.

வார்த்தைக்கு 7, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 சதவீதம் என்ற அந்த 7-38-55 கணக்கைப் பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு போட்டுப் பரப்புகிறவர்கள், அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது தேடிப் பார்க்கக் கூடாதா? உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. அவற்றில் யாரும் உரையாற்றவே இல்லை. 'ஒருவேளை' என்பது போன்ற ஒற்றைச் சொல்லை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டு, ஓர் ஆய்வில் கூடவே முகப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்று சொல்ல, தொனியும் முகமும் வேறு சொன்னால் ஜனங்கள் எதை நம்புவார்கள் என்பதுதான் கேள்வி. விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ரேபியனே சொல்லியிருக்கிறார். நீங்களே யோசியுங்கள், தெரியாத மொழியில் ஒருவர் அரை மணி நேரம் பேசினால் 93 சதவீதம் புரிந்துவிடுமா?

1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், அன்றைய புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார், அப்புறம் எழுந்த லிங்கன் ஏறக்குறைய 270 சொற்களில் முடித்துக்கொண்டார். இன்று நினைவில் நிற்பது லிங்கனின் சொற்கள்தான், அவர் கையை எப்படி வைத்திருந்தார் என்று யாருக்குத் தெரியும்?

"மனசிலிருந்து வந்தால் போதும், தயாரிப்பே வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் மார்ட்டின் லூதர் கிங்கை இழுப்பார்கள். 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் எழுதி வைத்திருந்ததை விட்டு விலகி 'எனக்கொரு கனவு உண்டு' என்ற அந்தக் கனவுப் பகுதியைப் பேசினார், உண்மைதான். ஆனால் அதே கனவை அந்த ஜூனிலேயே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். பேசிப் பேசிப் பழகிய பகுதி அது.

அதனால் தயவுசெய்து கண்ணாடி முன் நிற்பதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். 'செய்து, பார்த்து, முடித்து' என்று நீட்டிக்கொண்டே போனால் கேட்பவர் அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு முடிவுக்காகக் காத்திருக்கிறார். படிப்பவர் திரும்பிப் பார்க்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை.

கதை சொன்னால் ஒரு ஆளைக் காட்டுங்கள். "ஊழியர்களுக்குப் பணிச்சுமை அதிகம்" என்றால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இரவு 11 மணிக்கு மகளுக்கு ஒரு கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே மறுகையால் மெயிலுக்குப் பதில் அனுப்பும் ஒருவரைச் சொல்லுங்கள், அரங்கம் நிமிரும். அதற்கு முன்னால் அவர் எங்கே படித்தார், எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள்.

முழு உரையையும் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு சொல் நழுவினால் எல்லாம் சரிந்துவிடும். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மட்டும் மனதில் இருந்தால் போதும், நடுவில் உள்ளதைக் குறிப்பு வைத்துக்கொண்டு பேசுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், சொல்ல விஷயம் இருக்கிறவரின் கையை யாரும் பார்ப்பதில்லை.