அந்த அடி என்ன கேட்கிறது?

ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தை திடீரென்று அடிக்கிறது, கடிக்கிறது. அப்போது என்ன செய்வது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி.

அந்த நேரத்தில் செய்ய முடிவது கொஞ்சம்தான். தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று சொல் போதும். நேர் எதிரே நிற்காமல், கை எட்டாத தூரத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள். முடியைப் பிடித்தால் அந்தக் கையைத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள்; இழுத்தால் பிடி இறுகும். கடித்தால் வெடுக்கென்று உருவாதீர்கள், சதை கிழியும். குப்புறக் கிடத்தி முதுகில் அழுத்தவே கூடாது, மூச்சு நின்றுவிடலாம். அடங்கியதும் புத்திமதி வேண்டாம். உடம்பின் படபடப்பு தணியுமுன் விட்ட வேலையைத் திரும்ப நீட்டினால் இன்னொரு சுற்று கிளம்பும்.

நிஜமான வேலை குழந்தை அமைதியாக இருக்கும்போதுதான். வழக்கமில்லாத மூர்க்கம் என்றால் முதலில் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: அடிக்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பதிலுக்கு அதற்கு என்ன கிடைத்தது. மூன்றாவதில்தான் சூட்சுமம்.

1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு உளவியலாளர்கள் நான்கு குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுத்தந்தார்கள், மூர்க்கம் சரிந்தது. யாரும் கவனிக்காதபோது முரண்டு பிடித்த குழந்தைக்கு ‘நான் நன்றாகச் செய்கிறேனா?’ என்ற கேள்வி பலித்தது. அழகு எங்கே என்றால், ஒரு குழந்தைக்கான வாக்கியத்தை மற்றதற்குக் கொடுத்தபோது பலன் இல்லை. பேசக் கற்றதால் மட்டும் குழந்தை அடங்கவில்லை. அடி எதை வாங்கித் தந்ததோ, அதையே வாக்கியமும் வாங்கித் தர வேண்டியிருந்தது.

பேசாத குழந்தைக்கு ஓர் அட்டை போதும். பாடத்திலிருந்து தப்பிக்க அடிக்கிறதென்றால் ‘இடைவேளை’ அட்டை. முகம் சுருங்கத் தொடங்கும்போதே, அடி விழுமுன், அதன் கையைப் பிடித்து அட்டையை நீட்டவையுங்கள். அந்த நொடியே வேலையை நிறுத்துங்கள். அடியைவிட அட்டை வேகமாகப் பலிக்காவிட்டால் குழந்தை ஏன் அதை எடுக்கும்?

இனி அடி பலிக்கக் கூடாது. அப்போது அடி சில நாள் அதிகரிக்கவே செய்யும். ரிமோட் வேலை செய்யாவிட்டால் நாமும் பட்டனை ஓங்கி ஓங்கித்தானே அழுத்துகிறோம்! பயந்துபோய் இருபதாவது நிமிடம் விட்டுக்கொடுத்தால், இருபது நிமிடம் அடித்தால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். யாருக்காவது காயம் படும் அளவுக்கு மூர்க்கம் என்றால் இந்தக் கட்டத்தைத் தனியே முயலாமல், பயிற்சி பெற்ற நடத்தைச் சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

ஆட்டிசக் குழந்தைகளின் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையை 2006இல் அமெரிக்கா அனுமதித்தது. சிலருக்கு உதவுகிறது, பசியும் எடையும் கூடும். மாத்திரைக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது பெற்றோருக்கு இந்த அட்டைப் பயிற்சி தருவதற்குப் போகலாம் என்பது என் ஆதங்கம்.

அட்டை பழகியபின், ‘இன்னும் ஒரு கணக்கு, பிறகு இடைவேளை’ என்று வேலை நேரத்தை மெல்ல நீட்டுங்கள். ஒன்றிலிருந்து ஒரேயடியாகப் பத்துக்குத் தாவினால் அட்டை கீழே விழும், கை மேலே எழும்.