யாருக்கும் சொந்தமில்லாத நான்கு எண்கள்

கனடாவின் வின்ட்சர் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆற்றைத் தாண்டினால் அமெரிக்காவின் டெட்ராய்ட். அதனால் அவர் மகன் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகன். “டிராஃப்ட் லாட்டரி வந்தாலே வீட்டில் ரகளை. எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம் என்கிறான். அப்படியும் இருக்குமா?”

ஐஸ் ஹாக்கி பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என்.ஹெச்.எல். தொடரில் 32 அணிகள். பதினெட்டு வயதை ஒட்டிய இளம் வீரர்களை ஆண்டுதோறும் அணிகள் வரிசையாக அழைத்துக்கொள்ளும். இதுதான் டிராஃப்ட், ஐ.பி.எல். ஏலம் போலப் பணத்தைக் கொட்டி வீரரைத் தூக்க முடியாது. தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி விட்டால் வேண்டுமென்றே தோற்பார்கள். 2015 மார்ச்சில் பஃபலோ மைதானத்தில் அரிசோனா அணி கூடுதல் நேரத்தில் வெற்றி கோல் போட்டபோது, பஃபலோ ரசிகர்களே கைதட்டினார்கள்! கடைசி இடம் தங்களுக்கே வர வேண்டுமாம். இந்த ஆசைக்குக் கடிவாளம் போடத்தான், முதல் வாய்ப்பு யாருக்கு என்று முடிவுசெய்ய 1995 முதல் லாட்டரிக் குலுக்கல்.

அன்று கைதட்டியவர்களுக்குக் கடைசி இடம் கிடைத்தது, 20 சதவீத வாய்ப்பும் கிடைத்தது. குலுக்கலில் வென்றதோ 11.5 சதவீதம் வைத்திருந்த எட்மன்டன். எல்லோரும் கண்வைத்திருந்த இளம் வீரர் கானர் மெக்டேவிட் அங்கே போனார்.

சரி, குலுக்கல் எப்படி நடக்கிறது? 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள், ஒரு காற்று இயந்திரம். நான்கு பந்துகள் வெளியே வரும். வந்த வரிசை முக்கியமில்லை. எந்த நான்கு என்பதுதான் கணக்கு. பள்ளியில் படித்த சேர்மானக் கணக்கு ஞாபகம் இருக்கும்: 14×13×12×11, அதை 24-ஆல் வகுத்தால் 1001. ஆயிரத்துக்கு இத்தனை அருகில் வந்து விழும் எண்ணைப் பார்த்தாலே எனக்கு ஒரு சந்தோஷம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பிரித்தால், ஒவ்வொரு சேர்மானமும் 0.1 சதவீதம். கடைசி இடத்து அணிக்கு இப்போது 185 சேர்மானங்கள், அதாவது 18.5 சதவீதம். பிளே-ஆஃப் வாய்ப்பை மயிரிழையில் தவறவிட்ட அணிக்கு வெறும் ஐந்து.

முன்பெல்லாம் இது மூடிய அறையில் நடந்து, முடிவை அட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்? 2025-ல்தான் முதல் முறையாகப் பந்து விழுவதை நேரலையில் காட்டினார்கள். முதல் பந்து விழுந்ததும் 1001 சேர்மானங்கள் 286 ஆகச் சுருங்கின. இரண்டாவதில் 66. மூன்றாவது விழுந்தபோது உயிரோடு இருந்தவை 11 மட்டுமே. இயந்திரத்துக்குள் மிச்சமிருந்த பந்துகளும் 11. ஒவ்வொரு பந்தின் மேலும் ஓர் அணியின் பெயர் எழுதியிருப்பது மாதிரிதான். கடைசியில் வென்றது நியூயார்க் ஐலண்டர்ஸ். அவர்கள் கையில் இருந்தவை ஆயிரத்தில் 35.

அந்தக் கடைசிப் பந்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இரண்டு பந்துகள் மோதுவதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பந்தின் மேற்பரப்பு வளைந்தது. ஆகவே வந்து மோதும் பந்து ஒரு துளி தள்ளிப் பட்டாலும், திரும்பும் திசை மாறிவிடும். திசையில் சிறு கோணம் மாறினால், பத்து சென்டிமீட்டர் பறந்து அடுத்த பந்தைத் தொடுவதற்குள் அந்தத் துளி பெரிதாகியிருக்கும். எத்தனை மடங்கு? பறந்த தூரத்தைப் பந்தின் ஆரத்தால் வகுத்தால் ஏறத்தாழ விடை கிடைக்கும். டேபிள் டென்னிஸ் பந்து அளவில் ஆரம் 2 செ.மீ. என்று வையுங்கள்: ஐந்து மடங்கு. கஞ்சத்தனமான மதிப்பீடுதான். அடுத்த மோதலில் இருபத்தைந்து, அப்புறம் நூற்றிருபத்தைந்து.

இப்போது தொடக்கத்தில் ஒரு பந்தின் இடத்தை நீங்கள் ஓர் அணுவின் அகலம், அதாவது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, தவறாகக் குறித்துவிட்டீர்கள். பன்னிரண்டு மோதல்களில் அது 24 கோடி மடங்கு வளர்ந்து 2.4 செ.மீ. ஆகிவிடும். பந்தின் ஆரத்தையே தாண்டியாயிற்று! அடுத்த பந்தின் மேல் படுமா, பக்கத்தில் போகுமா என்றே சொல்ல முடியாது. இயந்திரத்துக்குள் பன்னிரண்டு மோதல் சில விநாடி வேலை. நியூட்டன் விதி எதுவும் மீறப்படவில்லை. எல்லாம் விதிப்படியே நடக்கிறது, விடை மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்தப் பந்து மோதலைக் கறாரான கணிதமாக்கியவர்களில் யாகோவ் சினாய் முக்கியமானவர். 1970-ல் வந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை பில்லியர்ட்ஸ் பற்றியதே. 2014-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு பெற்றார். “பந்து எப்படித் துள்ளும் என்று ஆராய நிதி வேண்டும்” என்று நம் ஊரில் ஒருவர் விண்ணப்பித்தால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். “சமூகப் பயன் என்ன?” என்ற கட்டத்தை நிரப்பவே ஒரு வருஷம் ஆகும்.

இயந்திரத்தை ஏமாற்றவே முடியாதா? முடியும். 1980 ஏப்ரலில் பென்சில்வேனியா அரசு லாட்டரியில், 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் வெள்ளை பெயின்ட்டை ஊசியால் ஏற்றிக் கனமாக்கினார்கள். விழுந்த எண் 666. காட்டிக்கொடுத்தது பந்தயப் பணம்: 4, 6 மட்டுமே கலந்த எட்டு எண்களில் வழக்கத்துக்கு மீறிக் குவிந்திருந்தது. சதி நடந்தால் இப்படித் தடயம் இருக்கும். வயிற்றெரிச்சல் தடயம் ஆகாது.

டெட்ராய்ட்டின் வயிற்றெரிச்சலும் சாதாரணமானதல்ல. மற்ற அணிகள் குலுக்கலில் முந்திக்கொள்ள, தேர்வு வரிசையில் அது சரிந்தது 2017-ல் ஏழிலிருந்து ஒன்பதுக்கு, 2018-ல் ஐந்திலிருந்து ஆறுக்கு, 2019-ல் நான்கிலிருந்து ஆறுக்கு. 2020-ல் 71 ஆட்டத்தில் 17 மட்டுமே வென்று கடைசி இடம் பிடித்தும் நான்காவது தேர்வு. போதாக்குறைக்கு, அந்த வருஷம் கொரோனாவால் பிளே-ஆஃப் வரிசை முடிவாகாததால், இன்னும் பெயரே தெரியாத ஓர் அணிக்கான இடம் முதல் குலுக்கலை வென்றது! பையன் டி.வி.யை அணைத்தால் தப்பே இல்லை. ஆனால் அந்த வருஷ விதிப்படி கடைசி அணி நான்காவது இடத்துக்குச் சரிய வாய்ப்பு 50.6 சதவீதம். அதாவது நடந்தது, நடக்கவே அதிக வாய்ப்பிருந்த விஷயம்.

எட்மன்டன் விவகாரமும் அப்படித்தான். 2010, 2011, 2012, 2015 என நான்கு முறை முதல் தேர்வு. வாய்ப்புகள் முறையே 48.2, 48.2, 18.8, 11.5 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் சுமார் இருநூறில் ஒன்று. கோடியில் ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் நானும் கால்குலேட்டரை எடுத்தேன். முப்பது அணிகள் வருஷக்கணக்கில் ஆடும் இடத்தில் ஒருவருக்கு இருநூறில் ஒன்று வாய்ப்பது அதிசயமா? அப்புறம், வருஷாவருஷம் அடிமட்டத்தில் கிடப்பதற்கு எந்தப் பந்தும் காரணமில்லை. அது அவர்களே உழைத்துப் பெற்றது.

அதிர்ஷ்ட ஜெர்சி போடுவது, டி.வி. பக்கம் திரும்பாமல் உட்காருவது இதெல்லாம் இருக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. வாசகியின் மகனிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: 2019-ல் ஆறாவதாகச் சரிந்தபோது டெட்ராய்ட் எடுத்தது யாரை? மோரிட்ஸ் சைடர். 2022-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்குத்தான்.

அந்த ஒதுக்கிய ஆயிரத்தோராவது சேர்மானத்தை மறக்கவில்லை. 11, 12, 13, 14. அது எந்த அணிக்கும் சொந்தமில்லை. விழுந்தால் எல்லாப் பந்தையும் திரும்பப் போட்டு மறுபடி குலுக்க வேண்டும். 11, 12, 13 விழுந்து, நான்காவது பந்துக்காக அத்தனை ரசிகர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, குழாயில் 14 ஏறி வருவதை ஒருமுறையாவது நேரலையில் பார்க்க எனக்கு ஆசை.