போஸ்டர்ல இருந்தா நடந்துச்சுன்னு அர்த்தமா?

ரஷ்யப் புரட்சி ப்ராஜெக்ட் திருத்திட்டு இருக்கேன், மறுபடியும் அதே கூத்து. 1917-ன்னு தலைப்பு, கீழ செம்படைக்காரர் விரல் நீட்டி நிக்கற போஸ்டர், பக்கத்துல "மக்கள் தாமாகவே திரண்டு படையில் சேர்ந்தனர்"னு ஒரு வரி. போன வருஷமும் இதே வரிதான், எங்க இருந்துதான் காப்பி அடிக்கறாங்களோ.

அது த்மீத்ரி மோர் 1920-ல வரைஞ்சது, உள்நாட்டுப் போர் சமயம். வருஷம் மாறினதக்கூட விட்டுடறேன். போஸ்டர ஃபோட்டோவா நினைக்கறதுதான் தாங்கல. "நீ தானா முன்வந்து பேர் கொடுத்தியா?"ன்னு கேக்குது அது. எல்லாரும் க்யூல நின்னு சேந்திருந்தா சுவத்துல இருந்து ஒருத்தன் எதுக்குப்பா அதட்டணும்? 'சத்தம் போடாதீங்க'ன்னு ஒட்டியிருந்தா அங்க அமைதியா இருந்தாங்கன்னா அர்த்தம்? 1918 மே மாசக் கடைசியிலயே கட்டாய ஆள்சேர்ப்பு வந்துருச்சு, அப்புறமும் படைய விட்டு ஓடினவங்க லட்சக்கணக்குல, அவங்களத் திட்டியே தனியா போஸ்டர் போட்டாங்க. மோர் வரைஞ்ச அந்தச் செம்படைக்காரருக்குப் பின்னாடி புகையுற ஆலையப் பாத்தீங்களா? 1920-ல பெரிய ஆலைகளோட உற்பத்தி 1913-ல இருந்ததுல அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. இல்லாததத்தான் வரைவாங்க.

தயவுசெஞ்சு டவுன்லோட் பண்றப்ப கீழ் ஓரத்த க்ராப் பண்ணித் தொலைக்காதீங்க. வருஷம், வெளியிட்டது யாரு எல்லாம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். சிலதுல, இதக் கிழிக்கறவன், இது மேல வேற நோட்டீஸ் ஒட்றவன் எதிர்ப்புரட்சி வேல செய்யறான்னு மிரட்டலே அச்சடிச்சிருக்கும். எனக்கு முழு படத்தவிட அந்தப் பொடி எழுத்துதான் பிடிக்கும், யாரோ கிழிச்சிருக்கான்ல!

தாய்நாடு அழைக்கிறாள் போஸ்டரையும் 1917-ல சொருகாதீங்க, அது 1941, ஹிட்லர் படை உள்ள வந்தப்ப போட்டது. அப்புறம் எல்லாமே பிரஸ்ல அடிச்சதும் இல்ல, 1919-ல ரோஸ்டாங்கற அரசு செய்தி நிறுவனம் தொடங்கின ஜன்னல் போஸ்டர்லாம் அட்டைய வெட்டி அச்சா வெச்சு, கையால கலர் அடிச்சு காலிக் கடை ஜன்னல்ல மாட்டினது, கவிஞர் மாயகோவ்ஸ்கியே ராத்திரி பகலா உக்காந்து செஞ்சாரு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதே மோர் 1921 பஞ்சத்துக்கு வரைஞ்சதையும் பக்கத்துல ஒட்டுங்க. கருப்புப் பின்னணி, எலும்பும் தோலுமா ஒரு கிழவர், ரெண்டு கையும் மேல, பக்கத்துல ஒடிஞ்ச கதிர் ஒண்ணு. எழுத்து ஒரே வார்த்தை: "உதவு". ஒரே வருஷத்துல அந்த நீட்டின விரல் இப்படி ஆனது ஏன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க, மார்க் நான் போடறேன்.